எத்தனை நாளுக்கொரு காந்தப்புயல்?

2024 மே 10, வெள்ளிக்கிழமை. அன்று அட்சய திருதியை. அம்பத்தூரின் நகைக்கடைகளுக்கு முன்னால் காலை முதலே வண்டி நிறுத்த இடமில்லை. இரவு கடைகள் கதவிறக்கிக்கொண்டிருந்த வேளையில், இந்திய நேரம் சுமார் 10.35க்கு, சூரியனிலிருந்து கிளம்பி வந்த பிளாஸ்மா மேகங்கள் பூமியின் காந்தமண்டலத்தில் வந்து மோதின. இருபது ஆண்டுகளில் காணாத காந்தப்புயல். லடாக்கின் ஹான்லேயில் வானம் செந்நிறம் கொண்டதை அங்கிருந்த வானோக்கு நிலையத்தின் கேமராக்கள் பதிவு செய்தன. அதே நேரத்தில் திருமுல்லைவாயிலில், என் வீட்டுப் பின்கட்டில், ஊறுகாய்ப் புட்டி ஒன்றுக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தத்துண்டைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தவாறு உட்கார்ந்திருந்தேன். அது அசையவில்லை.

அசையவேயில்லை என்று சொல்வது பிழை. சி.டி.எச். சாலையில் கனரக லாரிகள் கடக்கும்போதெல்லாம் நடுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தம் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றி நிறுத்தியபோது வெட்கமில்லாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுவிட்டது. சூரியனை மட்டும் அது பொருட்படுத்தவில்லை.

மறுநாள் எங்கள் நகரின் குடியிருப்போர் நலச்சங்க வாட்ஸப் குழுவில் வழக்கமான அறிவிப்பு வந்து சேர்ந்தது. இரவு 12.30 முதல் 3.30 வரை கைப்பேசிகளை அணைத்துப் படுக்கைக்குத் தொலைவில் வையுங்கள், அண்டக்கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடக்கின்றன, நாசாவே சொல்லிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது வரும் செய்திதான், பொய்தான். அதற்குக் கீழே ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரான ஒரு பெரியவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'இது எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், சார்?'

அத்தனை பேர் பயந்துகொண்டிருந்த இடத்தில் அவர் ஒருவர்தான் கேள்வி கேட்டிருந்தார். என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவருக்கு எழுதும் தாமதமான பதில்.

கையேட்டுப் பதில் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு அமைப்பு காந்தப்புயல்களை ஜி-1 முதல் ஜி-5 வரை தரம் பிரிக்கிறது. நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் போன்ற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். சூரியனின் சுழற்சி ஒன்றுக்கு, அதாவது ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு, முதல் தரப் புயல் 900 நாள்களில் வரும் என்பது அவர்களுடைய சராசரி. இரண்டாம் தரம் 360 நாள்கள், மூன்றாம் தரம் 130, நான்காம் தரம் 60. ஐந்தாம் தரம் 4 நாள்கள்தாம். பதினோரு ஆண்டுகளில் சுமார் நாலாயிரம் நாள்கள் என்பதால், மிகச் சிறிய புயல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வந்துபோகிறது என்று கொள்ளலாம். வாட்ஸப் குழுவினர் இதை அறிந்தால் கைப்பேசியே வாங்கமாட்டார்கள்.

ஆனால் இந்தச் சராசரியை நம்பி நாள் குறிக்க முடியாது. பதினோரு ஆண்டுக்கு நான்கு நாள் வரவேண்டிய ஐந்தாம் தரப் புயல், 2003 அக்டோபருக்குப் பிறகு 2024 மே வரை ஒருமுறைகூட வரவில்லை. பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதன்று. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டபோது அடையாற்றங்கரை மூழ்கியது. 2019 கோடையில் அதே ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏரியில் எந்நாளும் பாதியளவு தண்ணீர் இருந்ததாக முடியும்.

சராசரியைவிட என்னை உறுத்தும் விஷயம் வேறு. இந்த எண்ணிக்கை யாருடைய ஊசியை வைத்து எடுக்கப்பட்டது?

ஜி வரிசைக்கு அடிப்படை கே.பி. என்னும் குறியெண். ஜெர்மானியரான ஜூலியஸ் பார்ட்டெல்ஸ் உருவாக்கியது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 0 முதல் 9 வரை. அதைக் கணிக்கப் பயன்படும் நிலையங்கள் பதின்மூன்று. அவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கின்றன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. துருவ ஒளி தோன்றும் வட்டத்துக்குச் சற்றே கீழிருக்கும் நாடுகளுக்கு அந்த அளவுகோல் மிகப் பொருத்தமானது. கியூபெக்கில் 1989 மார்ச் 13 அன்று மின்வழங்கல் முழுதும் படுத்து, ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தார்கள். அவர்களுக்குப் புயலின் எண் உயிர்நாடி. அந்த எண்ணை அப்படியே எடுத்து 'இன்று பூமியைத் தாக்குகிறது சூரியப் புயல்' என்று நம் செய்தித்தாள்கள் மாதந்தோறும் தலைப்பிடுவதை என்னவென்பது? லண்டனில் பனி பெய்தால் ஆவடியில் கம்பளி விற்கிற வேலை.

நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் புயலின் முகம் வேறு. புயலின்போது மின்னூட்டத் துகள்கள் பூமியைச் சுற்றி, பூமியின் ஆரத்தைப் போலப் பல மடங்கு தொலைவில், ஒரு வளையமாக ஓடுகின்றன. அவ்வளைய மின்னோட்டம் பூமியின் சொந்தக் காந்தப் புலத்துக்கு எதிராக வேலை செய்து அதன் கிடைமட்ட வலிமையைச் சற்றே குறைக்கிறது. ஊசியை அது பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. ஊசி நோக்கியிருக்கும் அதே வடக்குத் திசையிலிருக்கும் இழுவையைத் தளர்த்துகிறது, அவ்வளவே. என் ஊறுகாய்ப் புட்டிக் காந்தம் சும்மா இருந்ததன் காரணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அது திசை காட்டும் கருவி, மாறியதோ வலிமை. சென்னையில் கிடைமட்டப் புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா. அந்த மே மாதப் புயலின் உச்சத்தில் குறைந்தது நானூறு சொச்சம். நூற்றில் ஒரு பங்கு. அதற்கே உலகம் அமளிப்பட்டது.

இந்த வளையத்தின் வலிமையை அளக்க டி.எஸ்.டி. என்று மற்றொரு குறியெண் உண்டு. அதற்கான நிலையங்கள் நான்கு: தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ், ஜப்பானின் காக்கியோக்கா, ஹவாயின் ஹோனலூலு, போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான். இதிலும் நாம் இல்லை. ஆனால் எத்தனை நாளுக்கொரு புயல் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டு, உருப்படியான விடை ஒன்றைத் தொட்டவர் நம் மண்ணில் உட்கார்ந்து கேட்டவர். அதுவும் அகத்தியமலையில்.

ஜான் ஆலன் புரோன் ஸ்காட்லாந்துக்காரர். அங்கே மேக்கர்ஸ்டவுனில் பிரிஸ்பேன் என்ற பிரபுவின் காந்த ஆய்வகத்தை நடத்தியவர். அக்காலத்திலேயே, 1840களில், காந்த இடையூறுகள் பகலும் இரவும் சமமாகும் பருவங்களில் கூடுதலாக வருகின்றன என்று கண்டுகொண்டார். நம் கணக்கில் பங்குனியும் புரட்டாசியும். இது இன்றும் செல்லுபடியாகும் உண்மை. 1837இல் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட வானோக்கு நிலையத்துக்கு 1852இல் அவர் இயக்குநராக வந்தார். முதல் இயக்குநரான ஜான் கால்டிகாட் 1849இல் இறந்திருந்தார். சங்கீதக் கிருதிகளுக்காக நாம் நினைவுகூரும் அம்மன்னருக்குக் காந்த ஊசிகளிலும் ஆர்வம் இருந்தது என்பதை ரசிகர்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

புரோனுக்கு ஓர் ஐயம். ஊசியின் ஆட்டம் உயரத்துக்கேற்ப மாறுமா? அதைச் சோதிக்க 1855இல் அகத்தியமலையின் உச்சிப் பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். ஆறாயிரம் அடிக்கு மேல். அட்டைக் கடியும் விடாத மழையும் யானைத் தடமும் கொண்ட அந்தக் காட்டில் கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் தலைச்சுமையாக ஏற்றியவர்கள் யார், இரவில் குளிரில் விழித்திருந்து அளவை எழுதியவர்கள் யார் என்று யோசிக்கிறேன். மேலிருந்து ஒருவர், கீழே திருவனந்தபுரத்தில் ஒருவர், மணிக்கு மணி ஊசியைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பையன்கள். மின்விளக்கு இல்லாத காலம். புரோன் தொகுத்த முதல் தொகுதி 1874இல் லண்டனில் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே திருவனந்தபுரத்தோடு அகத்தியமலையின் பெயரும் இருக்கிறது. பொதிகையில் அமர்ந்து தமிழுக்கு இலக்கணம் செய்த முனிவரைப் பற்றி நாம் எழுதிக் குவித்தவற்றுக்குக் கணக்கில்லை. அதே மலையில் பூமியின் ஆட்டத்துக்கு இலக்கணம் தேடியவர்களைப் பற்றி, என் வாசிப்புக்கு எட்டிய வரையில், தமிழில் எதுவும் இல்லை. இந்தப் புறக்கணிப்பில் நம் இலக்கியவாதிகளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அகத்தியர் தொன்மம் நமக்குப் பெருமை தருகிறது; புரோனின் எண் பட்டியல் வேலை வைக்கிறது.

அந்தப் பட்டியல்களிலிருந்து புரோன் இரண்டு முடிவுகளை எடுத்தார். பெரும் இடையூறுகள் ஓரிடத்துச் சங்கதியன்று, பூமி முழுவதும் ஒருசேர நிகழ்பவை என்பது ஒன்று. இடையூறுகள் ஏறக்குறைய 26 நாள்களுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன, அந்தக் கணக்கு சூரியன் தன்னைத்தான் சுற்றுவதோடு பொருந்துகிறது என்பது இன்னொன்று. சூரியனின் ஏதோ ஒரு பகுதி பூமிக்கு நேராக வரும்போதெல்லாம் ஊசி ஆடுகிறது. அங்கே கரும்புள்ளி இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. அந்தப் பகுதி எது என்பது அவர் காலத்தில் தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்டர் இந்தக் காலஇடைவெளியை 27 நாள் என்று உறுதிசெய்தார். 1930களில் பார்ட்டெல்ஸ் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதிகளுக்கு ஒரு பெயர் வைத்தார். 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் எக்ஸ் கதிர்ப் படங்களை எடுத்தபோதுதான் அவை சூரியனின் வெளிமண்டலத்திலுள்ள கருந்திறப்புகள் என்பது உலகுக்குப் புலனாயிற்று. அவற்றின் வழியே சூரியக்காற்று வேகமாக வெளியேறுகிறது. புரோன் 1879இலேயே மறைந்துவிட்டார்.

இவ்விடத்தில் எங்கள் தெருவின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் நாங்கள் ஆவடியில் இருந்தோம். வானொலியின் ஒலிபரப்புக் கம்பங்களில் இரவில் சிவப்பு விளக்குகள் எரிவது மொட்டைமாடியிலிருந்து தெரியும். எதிர்வீட்டில் தொழிற்சாலைக்குப் போய்வந்த ஒரு மாமா சிற்றலை வானொலிப் பித்தர். அன்று தமிழில் ஒலிபரப்பாத நாடு எது? இலங்கை, பி.பி.சி., பெய்ஜிங், வெரித்தாஸ், மாஸ்கோ. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒலி எப்படிக் கேட்டது என்று அறிக்கை எழுதி அனுப்புவார். பதிலுக்கு வரும் வண்ண அட்டைகளைச் சுவரில் ஒட்டுவார். நாற்பது பக்கக் கோடுபோட்ட நோட்டுகளில் நாள்தோறும் குறிப்பு: 'மாஸ்கோ தெளிவு', 'மாஸ்கோ இரைச்சல்', 'மாஸ்கோ இல்லை'. ஒருமுறை என்னைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். 'பாருடா, இல்லைன்னு எழுதின நாளெல்லாம் எண்ணிப் பாரு. மாசம் ஒரு தடவை, இருபத்தேழு நாள் கழிச்சு வருது. இலங்கைக்கு மட்டும் ஒண்ணும் ஆகறதில்ல.' வடக்கேயிருந்து நெடுந்தொலைவு வரும் அலை அயனமண்டலத்தின் கலக்கத்தில் சிதைவதையும், பக்கத்திலிருந்து வருவது தப்பித்துக்கொள்வதையும் அவர் புரோனின் பெயரைக் கேளாமலேயே கண்டிருந்தார். அலை கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சோவியத் ஒன்றியம் கலைந்த ஆண்டில் நேர்ந்த கோளாறுகளைச் சூரியன் தலையில் சுமத்த முடியாது. ஆனாலும் அந்த நோட்டுகள் ஓர் ஆவணம். அவர் காலமான பிறகு வீட்டை இடித்துக் கட்டியபோது பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. நான் ஒரு பக்கத்தைக்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்குக் கவிதை எழுதும் வயது.

அன்றாடக் குறிப்பின் மதிப்பை அறிய 1859 செப்டம்பர் 2 ஒன்றே போதும். கேரிங்டன் என்ற ஆங்கிலேயர் முந்தைய நாள் சூரியனில் ஒரு வெடிப்பொளியைக் கண்டார். பதினேழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கழிந்ததும் பூமி அதிர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் தீப்பொறி கக்கின. ஊசியின் வீழ்ச்சியைப் புயலின் முழு நேரமும் தவறவிடாமல் வெப்பமண்டலத்தில் அளந்து வைத்திருந்த இடம் பம்பாயின் கொலாபா. அங்கே முற்பகல் வேளை. கருவியின் அளவைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார்கள். கிடைமட்டப் புலம் ஏறக்குறைய 1,600 நானோடெஸ்லா சரிந்தது. 2024இல் நாம் கண்டதைப் போல நான்கு மடங்கு. அந்தத் தாள்கள் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. 2003இல் சுருத்தானி, கன்சாலஸ் ஆகியோருடன் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் லக்கீனாவும் சோபனா அலெக்ஸும் அவற்றை எடுத்து ஆராய்ந்தபோது, இதுவரை அறியப்பட்ட மிகப்பெரும் காந்தப்புயல்களில் ஒன்றின் உருவம் எழுந்தது.

கொலாபாவின் பிற்காலமும் சுவையானது. பம்பாயில் டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டத் திட்டமிட்டார்கள். ஊசி பாழாகுமே என்று காந்த நிலையத்தைக் கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். இரும்பு கலவாத கட்டடம், போர்பந்தர்க் கல். 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்ட பிறகே பழையதை மூடினார்கள். நகரம் தன் வசதிக்காக அறிவியலைத் துரத்தியது எனலாம். துரத்தும்போதும் மூன்றாண்டு பொறுமை காத்தது எனவும் சொல்லலாம். என் ஊறுகாய்ப் புட்டிக்கு அலிபாக் ஏது?

சரி, 1859ஐப் போன்ற ஒன்று எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? 2012இல் பீட் ரைலி என்பவர் அடுத்த பத்தாண்டுக்குள் வர 12 விழுக்காடு வாய்ப்பு என்று கணித்தார். செய்தித்தாள்கள் பற்றிக்கொண்டன. பின்னர் வந்த கணிப்புகள் பல அதைவிடக் குறைவாகச் சொல்கின்றன. அதே 2012 ஜூலையில் அத்தகைய வெடிப்பொன்று சூரியனிலிருந்து கிளம்பி, பூமி இல்லாத திசையில் போய்விட்டது. ஒன்றிரண்டு நிகழ்வுகளை வைத்துக்கொண்டு காலஇடைவெளி சொல்வது ஜோதிடத்துக்குப் பக்கத்து வீடு. பதிவுகள் பின்னோக்கி எவ்வளவு நீள்கின்றனவோ அவ்வளவுக்குத்தான் விடையும் நீளும். அதனால்தான் பழைய தாள்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் லேத் பட்டறைகள் இருந்த தெருக்களில் இன்று தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. கடலடி வடங்கள் சென்னையில் கரையேறுகின்றன. 2021இல் சங்கீதா அப்து ஜோதி எழுதிய ஆய்வறிக்கை, பெரும் சூரியப் புயலில் உலக இணையம் எப்படித் துண்டாகும் என்று ஆராய்ந்தது. வட அட்லாண்டிக்கைவிட சிங்கப்பூரை மையமாகக் கொண்ட நம் பக்கத்து வடங்கள் தப்பிக்க வாய்ப்பதிகம் என்பது அதன் கணிப்பு. நமக்கு ஆபத்தே இல்லை என்பது இதற்குப் பொருளன்று. செயற்கைக்கோள்கள் எல்லோருக்கும் பொது. 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 38 ஒரு சிறிய புயலிலேயே விழுந்து எரிந்தன. ஆனால் நம் ஆபத்தின் அளவை நாம்தான் நம் ஊசிகளைக் கொண்டு சொல்லவேண்டும். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதன் மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலெல்லாம் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகிறது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன அதே ஊரில், புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அதை அளக்கிறது. புயலே இல்லாத நாளிலும் அங்கே நண்பகலில் ஊசியின் அளவு ஏறி இறங்கும். சில நாள்களில் நூறு நானோடெஸ்லாவைத் தொடும். ஐரோப்பியர் புயல் என்று கொடியேற்றும் சிறு ஆட்டங்கள் நமக்குச் சாதாரண மத்தியானம்.

நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள் பழைய சென்னை வானோக்கு நிலையத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அங்கே பணியாற்றிய டெய்லரும் திருவனந்தபுரத்துக் கால்டிகாட்டும் சேர்ந்து தென்னிந்தியா முழுதும் அலைந்து காந்த அளவை எடுத்து, 1839இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். இலக்கியமும் அறிவியலும் ஒரே இதழின் பெயரில் இருந்த காலம். கொடைக்கானலில் 1902 முதல் 1923 வரையும், பிறகு 1949 முதலும் எடுத்த பதிவுகள் உண்டு. இவற்றையெல்லாம் தமிழில் ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டும். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை; எழுதுபவர் கிடைத்தால் படிப்பதற்கு இங்கே ஆள் உண்டு.

பெரியவருக்கு இதில் கால்வாசியைத்தான் சொன்னேன். இருபத்தேழு நாள் கணக்கு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஜூன் 6 காலை, தேர்தல் முடிவுகள் வந்து இரண்டு நாள். தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அவர் கேட்டருகே நின்று, 'இன்னிக்கு வருமா, சார்?' என்றார். மே மாதத்தில் வந்தது வெடிப்பினால் வந்த புயல், அந்தக் கணக்குக்குள் அது கட்டுப்படாது, கருந்திறப்புகளால் வருவதுதான் நாள் தவறாமல் திரும்பும் என்று விளக்கினேன். ஆனால் அதே கரும்புள்ளிக் கூட்டம் சூரியனைச் சுற்றிக்கொண்டு மறுபடி இந்தப் பக்கம் வந்துவிட்டது, புது எண்ணும் கொடுத்திருக்கிறார்கள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் மே 10ஆம் தாளைப் பென்சிலால் சுழித்து வைத்திருப்பதாகச் சொன்னார். கிழித்த தாள்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். 'கணக்கு எழுதத்தான்,' என்றார்.